அழகுத்தாய் மகன்

ராம்கிக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்றால் காளீஸ்வரிக்கு முந்தின நாளே தெரிந்துவிடும். பையன் சோற்றை விழுங்காமல் வாயிலேயே அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காதைக் கசக்குவான். மறுநாள் தொட்டால் உடம்பு கொதிக்கும். காதில் சீழ் வடியும், இல்லையென்றால் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கும். நாலு வயதுக்குள் ராஜபாளையத்தில் அவன் படுக்காத ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை. நர்ஸுகளுக்கு அவன் பேர் தெரியும், அவனுக்கும் அவர்கள் பேர் தெரியும். ஊசி என்றால் கையை அவனே நீட்டிவிடுவான். அழாத பிள்ளை, சமர்த்துப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் காளீஸ்வரிக்கு வயிறு எரியும். நாலு வயதுப் பிள்ளை ஊசியைக் கண்டால் அழவேண்டும். அதுதானே முறை?

யோசனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பால் சேரவில்லை என்றார்கள். வீட்டு வாசல் சரியில்லை என்றார்கள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டதில் பையனுக்கு இருமல் கூடியதுதான் மிச்சம். மாமியார் வெங்கடேஸ்வரி, "எங்க வம்சத்துல இப்படி ஒரு நோஞ்சான் கெடையாதும்மா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்தாள், தன் பக்கம் குற்றமில்லை என்பதற்கு இப்போதே சாட்சி தேடுகிறவள் போல. புருஷன் விஜயபாண்டி பட்டாளத்தில் இருந்தான். வடக்கே எங்கேயோ பனிக்குள் நின்றுகொண்டு, "தினம் முட்டை குடு, தேறிருவான்" என்பான் போனில். முட்டையில் தீருகிற சங்கதியாக இருந்தால் ராஜபாளையத்துக் கோழிகள் எப்போதோ தீர்த்துவைத்திருக்கும்.

ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை நிமோனியா வந்தபோது ராஜபாளையத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காளீஸ்வரியின் அம்மா செல்லத்தாயும் ஏறிக்கொண்டாள். மடவார் வளாகத்தில் தனியாக இருக்கிறவள், பால்கோவாக் கடையில் பாக்கெட் போடுகிற வேலை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வழி முழுக்கப் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

மதுரையில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. நிதானமான பெண். பையனை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, யாரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உங்க அம்மா வழியில ஆம்பளப் பிள்ளைங்க யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா? உங்ககூடப் பிறந்தவங்க யாரும்?"

காளீஸ்வரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செல்லத்தாய் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"இல்லம்மா. எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ள. இவளும் இவ தங்கச்சியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குறைப் பிரசவம், பிறந்து செத்த பிள்ளைன்னு..."

"இல்லம்மா."

டாக்டரம்மா எதையோ எழுதினார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காளீஸ்வரியின் அப்பா சீனிச்சாமி டி.பி.யில் போனவர் என்று தெரிந்ததும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எக்ஸ்ரேயிலும் நெஞ்சில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "எனக்கு வேற ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா குடும்பத்துல அப்படி யாரும் இல்லைங்கிறீங்க. முதல்ல இதுக்கு மருந்து குடுத்துப் பார்ப்போம். தேறலைன்னா உடனே வாங்க" என்றார்.

டி.பி. மாத்திரை ஆரம்பமானது. பையனுக்கு மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. அவனுக்கு அது ஒரே வேடிக்கை. தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டினான். தேறுகிறான் தேறுகிறான் என்று காளீஸ்வரியே தனக்குச் சொல்லிக்கொண்டாள். மாத்திரை முடிகிற சமயத்தில் மறுபடியும் காது வடிய ஆரம்பித்தது. அடுத்த மழைக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் குழி விழுந்ததை அவள் பார்த்தாள். பிள்ளை நம்மிடம் நிற்கமாட்டான் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேரே மடவார் வளாகத்துக்குப் போய்விட்டாள். மாமியாரின் வாயிலிருந்து நாலு நாள் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

செல்லத்தாய் வேலைக்குப் போயிருந்தாள். பையன் பாயில் படுத்திருந்தான், காதில் பஞ்சு. அடுத்த வீட்டு அழகுத்தாய் ஒரு தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்தாள். வாசலில் இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிறவள். பெற்ற அஞ்சும் பிழைத்துக் கிடக்கிற மகராசி என்று தெருவில் பேர். எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே வந்தவள் பையனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி காளி, காது வடியுதா?"

"வருசம் பூரா வடியுது சித்தி."

அழகுத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பையனின் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இதே வாடைதான்" என்றாள். "அவனுக்கும் இப்படித்தான். பஞ்சு வச்சு வச்சு எடுப்போம், அம்புட்டும் சீழு. காது ஆறுனா நெஞ்சு கட்டும். நெஞ்சு தேறுனா தொடையில கட்டி வரும்."

"யாருக்கு?"

"தவிட்டானுக்கு."

தவிட்டானைக் காளீஸ்வரிக்கு லேசாக ஞாபகம் இருந்தது. அழகுத்தாயின் கடைசி மகன். காதில் பஞ்சோடு ஒரு பையன். தன் தட்டிலிருந்து அப்பளத்தை உடைத்து இவள் வாயில் வைத்தவன். இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் செத்துப்போனான். எப்போதும் தங்கள் வீட்டில்தான் கிடப்பான், இரண்டு வீடும் ஒரே வீடு மாதிரிப் புழங்கியதால் அப்படி என்று நினைத்திருந்தாள். அழகுத்தாய் பெற்ற அஞ்சில் அவன் ஏன் சேரவில்லை என்று யோசித்ததில்லை.

"உங்க மவனுக்கும் இதேதானா சித்தி?"

அழகுத்தாய் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எம் மவனா? ஒங்கம்மா ஒங்கிட்ட இன்னுமா சொல்லல?" என்றவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டாள். "நான் பெத்தவன் இல்லட்டி அவன். ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்குனது. பெத்தது ஒங்கம்மா. ஒனக்குக் கூடப் பொறந்த அண்ணன்."

உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி செய்யப்படாத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? காளீஸ்வரியும் கேட்டு அழுதிருக்கிறாள், பிறகு ராம்கியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். நிஜமாகவே ஒரு பிள்ளையை முறத்தில் போட்டு, அடுத்த வீட்டுப் படியில் வைத்து, தவிட்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று அவள் நினைத்ததில்லை. செல்லத்தாயின் தலைப்பிள்ளை ஆண். ஒரு வயது நிரம்பாமல் போய்விட்டான். அடுத்ததும் ஆணாகப் பிறந்தபோது பெரியவர்கள் சொன்னதன்பேரில் விற்றார்கள். பிள்ளைகள் எல்லாம் பிழைத்துத் தக்கிற கையில் விற்றால் இதுவும் தக்கும் என்று கணக்கு. காசிராஜன் என்று வைத்த பேர் போய், தவிட்டான் ஆனான். அன்றையிலிருந்து அவன் அழகுத்தாய் மகன். வளர்ந்ததெல்லாம் பெற்ற வீட்டில்தான். ஆனால் செல்லத்தாய் அவனை மகனே என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. "அழகுத்தாயி மவனே, சாப்பிட வாடா" என்றுதான் கூப்பிடுவாள். ஊரை ஏமாற்றினால் எமனையும் ஏமாற்றிவிடலாம் என்று நம்பினார்கள். ஊர் ஏமாந்த மாதிரி நடந்துகொண்டது.

சாயங்காலம் செல்லத்தாய் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரிக்குக் காத்திருக்க முடியவில்லை.

"எம்மா, டாக்டரம்மா அம்புட்டுத் தடவ கேட்டாகளே. ஆம்பளப்புள்ள இல்லவே இல்லன்னு ஏன் சொன்ன?"

செல்லத்தாய் முகத்தைத் துடைக்காமலே நின்றாள். அழகுத்தாய் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை போனது.

"சொல்லிட்டாளா?"

"ஏம்மா மறைச்ச?"

"மறைக்கலட்டி. வித்துட்டேன்ல? வித்த பொறவு எம் புள்ளன்னு எந்த வாயால சொல்ல? உங்க குடும்பத்துல யாருன்னு கேட்டாக. அவன் அழகுத்தாயி குடும்பம். மூத்தவன் பேச்சையும் எடுக்கக்கூடாதுன்னு அன்னைக்கே வாக்கு வாங்கிட்டாக."

அம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் காளீஸ்வரிக்குத் தாங்கமுடியாமல் போனது. பொய்யென்றால் சண்டை போடலாம். இவள் அந்த வாக்கை இத்தனை வருடம் நெஞ்சுக்குள் காவல் காத்து, காத்து, அதையே நிஜமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அவன் செத்த அன்னைக்கு?"

"ஒந் தங்கச்சி முனி வயித்துல இருந்தா. நான் பெத்தவளா அழுதா வயித்துல இருக்கதும் போயிரும்னு சொல்லிட்டாக. அழகுத்தாயி தலைய விரிச்சுப்போட்டு அழுதா. நான் அடுப்படியில நின்னு வந்த சனத்துக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்."

காளீஸ்வரிக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. உள்ளே ராம்கி இருமினான். அந்த இருமல் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"நாளைக்கு மதுரைக்குப் போறேன். நீயும் வா. டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு."

"நான் வரல. முனிய நெனச்சுப் பாரு." தங்கை முனீஸ்வரியைச் சேத்தூரில் காடு கரை உள்ள வீட்டில் கொடுத்திருந்தது. அஞ்சு மாதம் முழுகாமல் இருந்தாள். "ஆம்பளப்புள்ள தங்காத வீட்டுல பொண்ணு எடுத்துட்டோம்னு அவிய ஒரு வார்த்த சொன்னா அவ எங்க போவா?"

"அப்ப எம் புள்ள சாவட்டுமா?"

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. பையன் காதில் விழுந்திருக்குமோ என்று காளீஸ்வரி பதறி உள்ளே ஓடினாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அழகுத்தாயின் இட்லி தூக்குவாளியிலேயே கிடந்தது.

காலையில் பையனுக்குச் சட்டை போட்டுவிட்டுத் திரும்பினால், செல்லத்தாய் சேலை மாற்றிச் செருப்பு போட்டு வாசலில் நிற்கிறாள்.

"நீ போய் என்னத்தட்டி சொல்லுவ? ஒனக்கு என்ன தெரியும்? அவன் பட்ட பாட்டப் பாத்தவ நான்தான்" என்றாள். "வா, பஸ்ஸு போயிரும்."

டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்ததும் செல்லத்தாய் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காளீஸ்வரி உதவிக்கு வரவில்லை. பையனின் காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்று செல்லத்தாய் ஆரம்பித்தாள். "எனக்கு ரெண்டு ஆம்பளப்புள்ள. மூத்தது ஒரு வயசு நெறையதுக்கு முன்னாடியே போயிருச்சு. நெஞ்சுச் சளி. ரெண்டாவது அஞ்சு வயசு மட்டும் இருந்தான். பொறந்து ஆறு மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருந்தான்ம்மா. அதுக்குப் பொறவு ஒரு மாசம் சேந்தாப்புல நல்லா இருந்தது கெடையாது."

"பேரு?"

செல்லத்தாய் கையால் வாயை மூடிக்கொண்டாள். கையை எடுத்ததும் மெல்லச் சொன்னாள். "காசிராஜன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பார், திட்டுவார் என்று காளீஸ்வரி காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ராம்கியைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி, காளீஸ்வரியை அருகில் வந்து பார்க்கச் சொன்னார்.

"தொண்டைல ரெண்டு பக்கமும் சதை இருக்கும், எல்லாப் பிள்ளைக்கும். இவனுக்குப் பார்த்தீங்களா, ஒண்ணுமே இல்ல. அன்னைக்கே இது எனக்கு உறுத்துச்சு. நோய்க் கிருமியோட சண்டை போட நம்ம ரத்தத்துல ஒரு சத்து ஊறும். சில ஆம்பளப் பிள்ளைங்களுக்குப் பிறவியிலயே அது ஊறாது. அம்மா வழியா வர்றது. அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாது, பொம்பளப் பிள்ளைங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. ஆம்பளப் பிள்ளைங்களைத்தான் இப்படிப் படுத்தும். பிறந்த புதுசுல தாய்கிட்ட இருந்து வந்த சத்து ஆறு மாசம் காப்பாத்தும், அப்புறம் இல்ல. ரத்தம் எடுத்துப் பார்த்திருவோம்."

பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வருவதற்குள் காளீஸ்வரி வேண்டாத சாமி இல்லை. விசித்திரம் என்னவென்றால், அந்த நோயாகவே இருக்கவேண்டும் என்றுதான் வேண்டினாள். பேர் தெரியாத ஒன்றோடு நாலு வருடம் மல்லுக்கட்டியவளுக்கு, பேர் உள்ள எதுவும் சம்மதமாக இருந்தது.

அதேதான் என்று முடிவு வந்தது.

"மருந்து இருக்கு" என்றார் டாக்டரம்மா முதலில். அதை முதலில் சொன்னதற்காகவே அவர் காலில் விழலாம் என்றிருந்தது காளீஸ்வரிக்கு. "இவன் உடம்புல ஊறாத சத்தை, நல்லா இருக்கிறவங்க குடுத்த ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுக்கிறாங்க. மாசா மாசம் வந்து ஏத்திக்கணும். ஆயுசுக்கும். நுரையீரல்ல வலது பக்கம் அடியில கொஞ்சம் கெட்டுப்போச்சு, அது திரும்பாது. நாள் கழிச்சு வந்துட்டோம். ஆனா இனிமே பள்ளிக்கூடம் போவான், ஓடுவான், விளையாடுவான்."

நாள் கழிச்சு என்ற வார்த்தை வந்தபோது காளீஸ்வரி அம்மாவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். பார்த்தால் முகத்தில் கோபம் தெரிந்துவிடும். கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

"உங்க தங்கச்சியையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. பிறக்கிறது பையன்னா, பிறந்ததுமே பார்த்துட்டோம்னா இவன் பட்டது எதுவும் அவன் படவேண்டாம்."

காளீஸ்வரி பதில் சொல்வதற்குள் செல்லத்தாய் சொன்னாள், "நான் கூட்டியாரேன்மா. சம்பந்தக்காரவுககிட்ட நானே சொல்லுதேன்."

வார்டில் ராம்கியின் கையில் மருந்து ஏற ஆரம்பித்தது. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் போல இருந்தது, சொட்டுச் சொட்டாக இறங்கியது. வழக்கம்போல அவன் அழவில்லை. அம்மாச்சியிடம் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த புறாக்களைக் காட்டினான். டாக்டரம்மா வந்து கையைப் பார்த்து, காய்ச்சல் பார்த்து, திரும்பினார். செல்லத்தாய் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த மருந்து இப்ப வந்ததா? இல்ல... அப்பமே இருந்துச்சா?"

டாக்டரம்மாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. பொய் சொல்லியிருக்கலாம். காளீஸ்வரி அவர் பொய் சொல்லட்டும் என்றுகூட நினைத்தாள்.

"இருந்துச்சும்மா" என்றார் அவர். "ஆனா நம்ம பக்கமெல்லாம் அப்ப இதைக் கண்டுபிடிக்கவே ஆள் கிடையாது. நீங்க செஞ்சதுல தப்பில்ல."

செல்லத்தாய் தலையை ஆட்டினாள். ரொம்ப நல்லது என்றாள். டாக்டரம்மா போகிற வரைக்கும் மரியாதையாக நின்றாள். பிறகு வராண்டாவில் நாலு எட்டு நடந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொண்டை ஊசியை உருவினாள். நரைத்த முடி தோளில் விழுந்தது. இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, "எம் மவனே!" என்றாள்.

காளீஸ்வரி தன் அம்மாவிடமிருந்து அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. அப்பா செத்தபோதுகூட வராத குரல். "எம் மவனே, எஞ் செல்லமே, காசிராசா, நான் பெத்த மவனே" என்று அது வராண்டா முழுக்கப் போனது. பாத்திரமும் பையுமாக நடந்தவர்கள் நின்றார்கள். ஒரு நர்ஸ் சத்தம் போடக்கூடாது என்று சொல்ல வந்து, செல்லத்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, வார்டுக் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனாள்.

காளீஸ்வரியின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளும் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். கை அடங்கவில்லை. விட்டுவிட்டாள். இத்தனை வருடம் இறுக்கிப் பிடித்த கை, அடித்துக்கொள்ளட்டும்.

அடுத்த வார்டுக்குக் கஞ்சி கொண்டுபோன பெண் ஒருத்தி நின்றாள். எந்த ஊரோ, யாரோ. செல்லத்தாய் வயதுதான் இருக்கும். குனிந்து காளீஸ்வரியிடம் கேட்டாள்.

"யாரு தாயி தவறிட்டாக?"

"எங்க அண்ணன்" என்றாள் காளீஸ்வரி. அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அய்யோ. என்ன வயசு?"

"அஞ்சு."

அந்தப் பெண் காளீஸ்வரியைப் பார்த்தாள், நரைத்த தலையோடு அழுகிறவளைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கஞ்சித் தூக்கைச் சுவரோரமாக வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். செல்லத்தாயின் தோளில் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து, தானும் குரல் எடுத்து அழத் தொடங்கினாள்.